கவிழ்த்தாலும் சிந்தாத காபி

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் முதலில் எனக்குக் கோபம் அடங்க வேண்டும். அது இந்த ஜென்மத்தில் அடங்காது போலிருக்கிறது. அதனால் கோபத்தோடேயே சொல்கிறேன். குரல் உயர்கிற இடங்களில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் கணவரும் என் கணவரும் அண்ணன் தம்பி. அவள் மூத்தவள் என்பதால் நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டு இருக்கிறோம். ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து, "மருந்து சாப்பிடணும், ஊரைக் கூட்டக் கூடாது" என்று குரல் வரும். வேலை செய்கிற இடத்திலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. இருவருக்கும் ஒரே சட்டைக் கம்பெனி. நான் கீழ்த்தளத்தில் அயர்ன் செக்ஷன், அவள் கேன்டீன்.

கம்பெனியில் அவளுக்குப் பெயர் பாய்லர். பின்கட்டில் ஒரு பாய்லர், கேன்டீனில் ஒரு பாய்லர், பின்கட்டில் இருப்பதையாவது அணைக்கலாம் என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் மறுக்க மாட்டாள். டீயில் சர்க்கரை போதவில்லை என்று யாராவது சொன்னால், டம்ளரை வாங்கி ஒரு மடக்கு குடித்துப் பார்த்து, "உன் நாக்குல கோளாறு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அவளுக்கு அது உச்சந்தலை வரைக்கும்.

இப்படிப்பட்டவள்தான் எங்களுக்குக் குளிர்ந்த காபி கொண்டுவந்தாள். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் செக்ஷனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பதினாறு மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி, மேலே தொங்கும் குழாய், கீழே ஆவியை உறிஞ்சும் இன்னொரு குழாய். வெயில் காலத்தில் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி நாற்பத்திரண்டு காட்டும். அதற்கு மேல் காட்ட அதற்கே கூச்சம் என்று நினைக்கிறேன். எங்களிடம் வருவதில் பாதி வெள்ளைச் சட்டை. அதனால் ஒரு சட்டம்: திரவம் எதுவும் உள்ளே வரக் கூடாது. தண்ணீர் பாட்டில்கூடக் கூடாது. கொண்டுவந்தால் வேலை போகும் என்று வாசலில் போர்டு. தாகம் எடுத்தால் சூப்பர்வைசரிடம் கேட்டு, நீளமான நடையைத் தாண்டி வெளியே போய்க் குடிக்க வேண்டும். இரண்டு தடவை கேட்டால், "வேலைக்கு வந்தியா, தண்ணி குடிக்க வந்தியா" என்பார். அவர் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி அறைக்குள் ஃபேனும் உண்டு, பாட்டிலும் உண்டு.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெயில் நாளில் நான் மேஜைமேலேயே சாய்ந்துவிட்டேன். நல்லவேளை, பெட்டியின்மேல் விழவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு போய் கேன்டீன் பெஞ்சில் கிடத்தினார்கள். கண் விழித்தால் எதிரில் பாய்லர். ஈரத் துணியால் என் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "எழுந்திரு, போதும் நடிச்சது" என்றாள். சொந்தத் தங்கையாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாளா என்று இரண்டு நாள் மனசுக்குள் பொருமினேன்.

அடுத்த வாரம் பதினொரு மணிக்கு, ஒரு பெரிய தட்டில் பதினாறு டம்ளரோடு அவளே அயர்ன் செக்ஷன் வாசலில் வந்து நின்றாள். சூப்பர்வைசர் பாய்ந்து வந்து போர்டைக் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கு, படிக்கத் தெரியுமா?"

"திரவம்னு எழுதியிருக்கு. இது திரவம் இல்ல."

"காபி திரவம் இல்லாம வேற என்ன?"

அவள் பேச்சை வளர்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். ஒரு டம்ளரை எடுத்து, அவருடைய வெள்ளைச் சட்டைக்கு நேர் மேலே பிடித்து, அப்படியே கவிழ்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதினாறு பேரும் பெட்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"இப்ப சொல்லுங்க. இது தண்ணியா, கட்டியா?"

அதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. வைக்கோல் மாதிரி காய்ந்திருக்கும் கடல்பாசியை அரை மணி நேரம் ஊறப்போட்டு, கரண்டியில் ஒரு நூல்கூடத் தெரியாத அளவுக்குக் கொதிக்க விடுவாள். சர்க்கரை கரைத்த கெட்டிக் கறுப்புக் காபியில் சூட்டோடு சூடாக அதைக் கலந்து, அகலத் தட்டுகளில் விரல் உயரத்துக்கு ஊற்றுவாள். ஃப்ரிட்ஜ்கூட வேண்டாம், வெளியில் வைத்தாலே உறைந்துவிடும். அதைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி டம்ளரில் போடுவாள். பிறகு பால். மேல்மாடி ஆபீஸ்காரர்களுக்கு என்றால் சும்மா குளிர்ந்த பாலும் ஐஸும். எங்களுக்கு என்றால் பாலிலும் கடல்பாசி, ஆனால் பாதி அளவு. கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே அதைத் துண்டுகள் மேல் ஊற்றிவிட வேண்டும். ஆறவிட்டால் திரிதிரியாகிவிடும். அதன் பிறகு ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வைப்பாள். டம்ளரில் இருக்கும்வரை கட்டி. ஸ்பூனால் எடுத்து வாயில் போட்டால் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் நசுங்கி, பாலும் காபியுமாகத் தொண்டைக்குள் சில்லென்று இறங்கும். அந்த இரண்டு நிமிஷம்தான் அந்த நாளிலேயே எங்களுக்குச் சொந்தமான நேரம்.

நாலு வெயில் காலம் இப்படி ஓடியது. இந்த வருஷம்தான் வினை வந்தது.

ஸ்டோர்காரர் ஒருநாள் நாலு பேருக்கு நடுவில், "உங்க டீ பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவரோடு அக்காவுக்குப் பேச்சு இல்லை. அவருக்கும் வீம்பு, அவரும் பேசவில்லை. கேன்டீனுக்கு என்ன வேண்டுமோ அதை அவள் சீட்டில் எழுதி ஸ்டோர் ஜன்னல் ஆணியில் குத்திவிட்டு வருவாள். அவர் பொருளை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு வயதுக்கு மேல். சின்னப் பிள்ளைகள்கூட இவ்வளவு நாள் டூ விட மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கடல்பாசி கேட்டுச் சீட்டு வைத்தாள். திண்டில் இருந்ததோ பெயர் எதுவும் எழுதாத கவரில் ஒரு பொடி. கடல்பாசியிலும் பொடி உண்டு, அதுதான் போலிருக்கிறது என்று எடுத்து வந்துவிட்டாள். வெந்நீரில் போட்டதும் கரைந்தது. தட்டில் ஊற்றினால் உறையவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தாள், உறைந்தது. கத்தி வைத்தபோது துண்டுகள் குழைந்து ஆடின. அவள் கைக்குத் தெரிந்துவிட்டது, இது வேறு ஏதோ என்று. பத்தடி நடந்து, "இது என்ன பொடி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வராமல் போனதற்கு நான் மாட்டிக்கொண்டேன்.

அன்று லாரியில் சரக்கு ஏற்றுகிற நாள். பதினொரு மணிக்கு டம்ளர் வந்தது. மற்றவர்கள் உடனே சாப்பிட்டுவிட்டார்கள். எனக்குக் கையில் இருந்த சட்டைக் கட்டை முடித்துக் கொடுக்கச் சொல்லி நெருக்கடி. டம்ளரை மேஜைக்குப் பக்கத்துப் பலகையில், ஆவிக் குழாய் ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். சட்டையைத் திருப்பும்போது முழங்கை பட்டது. நாலு வருஷமாகப் பட்டிருக்கிறது, டம்ளர் உருளும், நிமிர்த்தி வைப்பேன், அவ்வளவுதான். இந்தத் தடவை, குழாய்ச் சூட்டில் உருகிப்போயிருந்த காபி ஓடியது. தேய்த்து மடித்து அடுக்கி வைத்திருந்த பன்னிரண்டு வெள்ளைச் சட்டையும் காபி நிறமாகிவிட்டது.

சூப்பர்வைசர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடியவர் அல்லவா, அந்தக் கணக்கை என்மேல் தீர்த்துக்கொண்டார். "திரவம் உள்ள கொண்டு வந்திருக்க. செவ்வாய்க்கிழமை மேனேஜர் ரூம்ல விசாரணை. அதுவரைக்கும் வர வேண்டாம்" என்றார்.

அன்று சாயங்காலம் நான் போட்ட சத்தம் எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"என் வேலைக்கு உலை வெச்சுட்டீங்களே, அக்கா. உங்களுக்கு இப்ப குளிர்ந்துச்சா?"

"டம்ளரைப் பக்கத்துல வெச்சுட்டு ஆகாசத்தப் பார்த்துட்டு நின்னியா? பதினஞ்சு பேரு ஒழுங்கா சாப்பிடல?"

"நீங்க என்ன கலந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் நல்லா இருக்கிறது உங்களுக்கு என்னைக்குப் பிடிச்சது?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். இன்னும் மோசமானதெல்லாம் சொன்னேன். அவளுக்குக் குழந்தை இல்லாததைக்கூட இழுத்தேன். அண்ணனும் தம்பியும் அவரவர் வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். அவள் திரும்ப ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினாள். பாய்லர் பதில் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. சண்டைக்கு நிற்காதவளிடம் கோபத்தை என்ன செய்வது?

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்தான் கேட்டது. என் பெரிய பெண்ணுக்கு அது கல்லூரிப் படிப்பில் கடைசி வருஷம். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததெல்லாம் அவளைப் பார்த்துத்தான்.

செவ்வாய்க்கிழமை மேல்மாடி மேனேஜர் அறை. ஏ.சி. போட்டு, ஜன்னல் கண்ணாடியில் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தது. மேனேஜர், சூப்பர்வைசர், ஒரு ஓரத்தில் எச்.ஆர். மேடம். விசாரணையில் யார் என்ன பேசினாலும் அதை வார்த்தை விடாமல் எழுதி, கடைசியில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவது அந்த அம்மாவின் வேலை. நான் நின்றுகொண்டிருந்தேன். போர்டைப் படித்தாயா, படித்தேன், டம்ளர் உன்னுடையதா, என்னுடையது. நாலு கேள்வியில் என் வேலை முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

கதவைத் தட்டாமல் அக்கா உள்ளே வந்தாள். கையில் இரண்டு டம்ளர்.

"உங்களை யாரும் கூப்பிடலையே" என்றார் மேனேஜர்.

"காபி போட்டது நான். என்னைக் கூப்பிடாம என்ன விசாரணை?" இரண்டையும் அவர் மேஜைமேல் வைத்தாள். "இது கடல்பாசி போட்டது, நாலு வருஷமா கொடுக்கிறது. இது அன்னைக்கு ஸ்டோர்ல இருந்து வந்த பொடி."

மேனேஜர் இரண்டையும் ஆட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"இந்த ரூம்ல அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் வரைக்கும் வெச்சாலும் உருகாது. கீழ வாங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"இவளுக்கு வேலையே போகப் போகுது, சார். ஒரு கால் மணி நேரம் வாங்க."

எழுதிக்கொண்டிருந்த எச்.ஆர். மேடம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அதனாலோ என்னவோ மேனேஜர் எழுந்தார். இந்தக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறேன், அயர்ன் செக்ஷனில் அவர் நின்று நான் பார்த்தது அன்றுதான். என் மேஜைப் பலகையில், குழாய் ஓரமாக இரண்டு டம்ளரும் வைக்கப்பட்டன. அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் கைக்குட்டை நனைந்துவிட்டது. பிறகு காலரைத் தளர்த்தினார். பன்னிரண்டாவது நிமிஷம், "போதும்" என்றார். அக்கா விடவில்லை. "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்றாள். பதினைந்தானதும் இரண்டு டம்ளரையும் தரையில் கவிழ்த்தாள். ஒன்று சிந்தவில்லை. இன்னொன்று அவருடைய ஷூ வரைக்கும் ஓடியது.

மறுபடியும் மேலே போனோம். அவர் முதல் வேலையாக ஏ.சி.யைக் கூட்டினார்.

அக்கா உட்காரவில்லை. "எழுதிக்குங்க, மேடம். பொடி மாறியிருக்குன்னு என் கைக்குத் தெரிஞ்சுது. ஸ்டோர்காரர்கிட்ட பேசக் கூடாதுன்னு இருந்தேன், அதனால கேட்கல. என் வீம்புக்கு இவ மாட்டிக்கிட்டா. இவ கையில கொடுக்கும்போது அது கட்டிதான். இவ திரவம் எதுவும் கொண்டு போகல. தப்பு என்னோடது."

நான் தரையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நான் கத்திய வார்த்தை ஒவ்வொன்றும் எனக்கே திரும்பக் கேட்டது. என்மேலேயே எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மேனேஜர் என்னைப் பார்க்காமலேயே, "சரி, நீ நாளைக்கு வேலைக்கு வா" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். அதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர். "உனக்குத்தான் அந்த செக்ஷன்மேல அவ்வளவு அக்கறையாச்சே. ஒரு மாசம் கேன்டீன் வேண்டாம். அங்கேயே போய் நின்னு அயர்ன் பண்ணு. தண்டனைன்னே வெச்சுக்கோ. அப்பத்தான் உனக்கு புத்தி வரும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. பன்னிரண்டு வருஷமாக நான் நிற்கிற இடம் அது. பதினாறு பெண்கள் தினமும் நின்று குடும்பத்துக்குச் சோறு போடுகிற இடம். எங்களுக்கு வேலை என்று கொடுத்த அதையே இன்னொருத்திக்குத் தண்டனை என்று கொடுக்கிறார், கைக்குட்டை இன்னும் காயாத மனிதர். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். கத்தவில்லை. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"மேடம், சார் சொன்னதை எழுதிட்டீங்களா? அயர்ன் செக்ஷன்ல நிக்கிறது தண்டனைன்னு சொன்னாரே, அது."

எச்.ஆர். மேடத்தின் பேனா நின்றது. "எழுதிட்டேன்" என்றார்.

மேனேஜர் முகம் மாறியது. "அதெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு? ஒரு பேச்சுக்குச் சொன்னது. அந்த வரியை அடிச்சிடுங்க."

"அடிச்சா தண்டனையையும் சேர்த்துத்தான் அடிக்கணும், சார்" என்றார் எச்.ஆர். மேடம்.

மேனேஜர் குரலை மாற்றிக்கொண்டு, "சரிம்மா, விடுங்க. நீங்க கேன்டீனுக்கே போங்க. எதுவும் நடக்கல" என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் அக்கா கையை நீட்டி, எச்.ஆர். மேடத்தின் பேனாவை வாங்கினாள். "அடிக்க வேண்டாம். அந்த வரி அப்படியே இருக்கட்டும். நான் ஒரு மாசம் நிக்கிறேன்." கையெழுத்துப் போட்டாள். பேப்பரை மேனேஜர் பக்கம் தள்ளி, பேனாவையும் அதன்மேல் வைத்தாள். அவர் போடாமல் இருந்தால் என் சஸ்பெண்ட் முடியாது, சட்டை விவகாரமும் முடியாது. போட்டார்.

படி இறங்கும்போது, "அக்கா, அன்னைக்கு நான் பேசினது" என்று ஆரம்பித்தேன்.

"பேசாம நட. உன் வாயும் என் வாயும் இருக்கிற லட்சணத்துக்கு மன்னிப்பு வேற கேட்டுக்கிட்டு."

புதன்கிழமையிலிருந்து எனக்குப் பக்கத்து மேஜை அவளுடையது; அங்கே நின்றவளை அந்த ஒரு மாதத்துக்குப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். காலர் முனையைத் தேய்க்க அவளுக்கு இன்னும் வரவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை கையைச் சுட்டுக்கொள்கிறாள், நாலு தடவையும் என்னைத்தான் திட்டுகிறாள். முதல் நாள் மத்தியானம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இவ்வளவு சூடுன்னு நீ ஏன்டி எனக்குச் சொல்லல?" என்று கேட்டாள். வருஷக்கணக்காகத் தினமும் சொன்னேன் என்றேன். "நீ எல்லாத்துக்கும்தான் புலம்புவ, எதைன்னு நம்புறது" என்றாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. பதினொரு மணிக்கு டம்ளர் வரவில்லை. போடுகிறவள் இங்கே நின்றால் எப்படி வரும்? மேலேயும் உருப்படியாகப் போகவில்லை. புதிதாகக் கேன்டீனுக்கு வந்த ஆள் கடல்பாசியைச் சரியாகக் கொதிக்க விடாமல், தட்டு நிறைய நூலும் தண்ணீருமாகக் கொண்டு போனாராம்.

வெள்ளிக்கிழமை எச்.ஆர். மேடமே எங்கள் செக்ஷனுக்கு இறங்கி வந்தார். அக்காவின் மேஜை எதிரில் நின்று, "வெளியூர்ல இருந்து ஆர்டர் கொடுக்கிறவங்க வந்திருக்காங்க. இந்த வெயிலுக்கு அந்த ஜெல்லிக் காபி ஒரு அஞ்சு டம்ளர் இருந்தா நல்லா இருக்கும்னு சார் நினைக்கிறார். ஒரு மணி நேரம் மட்டும் மேல வந்து போட்டுக் கொடுக்க முடியுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னார்" என்றார்.

பதினைந்து பேரும் பெட்டியை நிறுத்தினோம். அக்கா நிறுத்தவில்லை. சட்டைக் கையை நீவி, மடிப்பு விழாமல் ஒருமுறை அழுத்தித் தேய்த்து, திருப்பிப் போட்டாள்.

"என் தண்டனை முடிய இன்னும் இருபத்தேழு நாள் இருக்குன்னு சாருக்குச் சொல்லுங்க, மேடம். அவசரம்னா அவங்களை இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க."